'185 போட்டுடலாம் சார்!' - ஸ்விஃப்டுக்கு டயர் மாற்றும்போது கேட்க வேண்டிய கேள்வி: எந்த 185?

மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. வாங்கி ஐந்து வருஷம் ஆச்சு, 45 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியாச்சு. டயரில் பட்டன் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. கடைக்குப் போனால் முதல் கேள்வியே இப்படித்தான் வரும்: "அதே சைஸா சார், இல்ல 185 போட்டுடலாமா? இதே ரிம்லயே உக்காரும். வண்டி ரோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், பாக்கவும் கெத்தா இருக்கும்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. பலர் உடனே தலையாட்டியும் விடுகிறார்கள். ஆனால், 14 அங்குல ரிம்முக்கு 185 அகலத்தில் 185/60, 185/65, 185/70 என்று மூன்று அளவுகள் உண்டு. மூன்றுமே கடைக்காரர் வாயில் '185' தான். இதில் ஒன்று ஸ்விஃப்டுக்குக் கிட்டத்தட்ட கச்சிதம். மற்ற இரண்டைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு உரசும் வாய்ப்பு கூடும். கடையில் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் உங்கள் காருக்கு 'செட்டாகும்' என்று சொல்லப்படும் ஆபத்தும் உண்டு.

எனவே, கடைக்குப் போவதற்கு முன்பே போன் கால்குலேட்டரில் இரண்டு நிமிடக் கணக்கு ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது.

டயரின் ஜாதகம்

ஸ்விஃப்டின் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வேரியன்ட்களில் கம்பெனியிலிருந்தே வரும் டயரில் 165/80 ஆர்14 85டி என்று எழுதியிருக்கும். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்து கிடப்பது ஏன் என்று கேட்காதீர்கள், உலகம் முழுக்க இப்படித்தான்.

பலரும் சறுக்குவது அந்த 80-ல். அது மில்லிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. சதவீதம். டயரின் பக்கச்சுவர், அதாவது ரிம் விளிம்பிலிருந்து ரோடு வரை இருக்கும் ரப்பரின் உயரம், அகலத்தில் 80% என்று அர்த்தம். அகலம் மாறினால் அதே 80 வேறு உயரத்தைக் குறிக்கும். "165-ஐ 185 ஆக்கினேன், மத்ததெல்லாம் அப்படியே" என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

கணக்கு இதுதான். 165-ல் 80% என்றால் 132 மி.மீ. சக்கரத்தில் ரப்பர் மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. ஆக, 264 மி.மீ. ரிம் 14 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. வீதம் 355.6. இரண்டையும் கூட்டினால் 619.6 மி.மீ. இதுதான் ஸ்விஃப்ட் சக்கரத்தின் மொத்த விட்டம். காரை வடிவமைத்த இன்ஜினீயர்கள் கியர், ஸ்பீடோமீட்டர், மட்கார்டு இடைவெளி எல்லாவற்றையும் இந்த விட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று '185'களையும் அதே கணக்கில் போடலாம். 185/70 ஆர்14-க்கு 614.6 மி.மீ. வருகிறது. ஒரிஜினலைவிட 5 மி.மீ. குறைவு, அதாவது 0.8%. 185/65 ஆர்14-க்கு 596.1. இது 3.8% குறைவு. 185/60-க்கோ 577.6 தான், ஏறக்குறைய 7% குறைந்துவிடுகிறது. டயர் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 3%. அதற்குள் இருந்தால் பிரச்சினை குறைவு, ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. அந்த வகையில் 185/70 மட்டும் தேறுகிறது.

நாலு சதவீதம்தானே, என்ன ஆகிடும்?

கார் தன் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கிக்கொள்கிறது. டயர் சின்னதாகிவிட்டது என்ற விஷயம் அதற்குத் தெரியாது. 185/65 போட்ட ஸ்விஃப்டில் மீட்டர் 100 காட்டும்போது, அதே மீட்டர் பழைய டயரில் காட்டியதைவிட வண்டி நாலு கிலோமீட்டர் மெதுவாகத்தான் போகும்.

இது ஆபத்தில்லைதான். ஆனால் ஓடோமீட்டரும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. உண்மையில் 10,000 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 10,400 என்று பதிவாகும். "டயர் மாத்தினதுல இருந்து மைலேஜ் ஏறிடுச்சு" என்று சந்தோஷப்படுபவர்களில் சிலருக்கு ஏறியது மைலேஜ் இல்லை, மீட்டர்தான். சர்வீஸ் சீக்கிரம் வரும், வாரன்ட்டி கி.மீ. சீக்கிரம் தீரும். விற்கும்போது ஓடாத கிலோமீட்டருக்கும் சேர்த்து விலை குறையும்.

தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி இன்னொரு விஷயம். விட்டம் 23.5 மி.மீ. குறைந்தால், அதில் பாதி, சுமார் 12 மி.மீ., வண்டி கீழே இறங்கும். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. அது 151 ஆகிவிடும். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமானும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும்போது, எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத நம்மூர் ஸ்பீடு பிரேக்கர்களில் இந்த 12 மி.மீ.யின் அருமை தெரியும். போதாததற்கு, டயர் சின்னதானால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இடைவெளி கூடி, 'கெத்து' என்று நினைத்துப் போட்டது எடுப்பாகவே தெரியாது.

டயர் பெரிதானால் கதை தலைகீழ், கொஞ்சம் சீரியஸும்கூட. உதாரணமாக, 195/65 ஆர்15-ன் விட்டம் 634.5 மி.மீ., ஒரிஜினலைவிட 2.4% அதிகம். மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும் பக்கம் இது நகர்கிறது. கார் கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைத்திருப்பார்கள் என்பதால் உடனே ஸ்பீடு கேமராவில் மாட்டிவிட மாட்டீர்கள். ஆனால் அந்தக் கூடுதல் இடம் கரைந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போதும், லோடு ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போதும் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டியதும் இந்த வகை டயருக்குத்தான்.

85 என்ற சின்ன எண்

அளவுக்குப் பின்னால் வரும் 85டி-யை யாரும் கண்டுகொள்வதில்லை. 85 என்பது லோடு இண்டெக்ஸ். ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு. 'டி' என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை தாங்கும். நாலு டயருக்கு 2,060 கிலோ வருகிறதே, ஸ்விஃப்டுக்கு இது ரொம்ப அதிகம் இல்லையா என்று தோன்றலாம். ஆனால் எடை நாலு சக்கரத்திலும் சமமாக உட்காருவதில்லை. இன்ஜின் முன்னால் இருக்கிறது. பிரேக் அடித்தால் இன்னும் முன்னால் சாய்கிறது. பள்ளத்தில் விழுந்தால் ஒரே டயர் ஒரு கணம் பல மடங்கு அடியை வாங்குகிறது.

அதனால் விதி எளிது: புது டயரின் லோடு இண்டெக்ஸ் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கணும். 185/70 ஆர்14 பெரும்பாலும் 88-ல் வருகிறது, அதாவது 560 கிலோ. பிரச்சினை இல்லை.

பழைய ஆல்டோ 800 வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அதன் 145/80 ஆர்12 டயரின் விட்டம் 536.8 மி.மீ., லோடு இண்டெக்ஸ் 74. கே10-ல் வந்த 155/65 ஆர்13-க்கு மாறினால் விட்டம் 531.7, ஒரு சதவீதத்துக்குள்தான் வித்தியாசம். அகலம் கூடுகிறது, ரிம் பெரிதாகிறது, எல்லாம் முன்னேற்றம் மாதிரியே தெரியும். ஆனால் அந்த அளவில் பொதுவாகக் கிடைக்கும் டயரின் லோடு இண்டெக்ஸ் 73. டயருக்கு 375 கிலோவாக இருந்தது 365 ஆகிறது. பெரிய டயர் என்றால் அதிகம் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ரிம் ஒத்துக்கொள்ளுமா?

"இதே ரிம்லயே உக்காரும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 14 அங்குல ரிம்மில் 14 அங்குல டயர் உட்காரத்தான் செய்யும். ஆனால் ரிம்முக்கு விட்டம் மட்டுமல்ல, அகலமும் உண்டு. ஸ்டீல் ரிம்மில் 5ஜே, 5.5ஜே என்று பொறித்திருப்பது அந்த அகலம்தான், அங்குலத்தில். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரை என்று ஒரு வரம்பு இருக்கிறது. 185/70-க்கு 4.5 முதல் 6 அங்குலம் வரை. அதனால் 5ஜே ரிம்மில் ஓகே. 195/60, 195/65 அளவுகளுக்குக் குறைந்தது 5.5 வேண்டும்.

குறுகலான ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். பார்க்க குண்டாக, 'மஸ்தாக'த் தெரியலாம். ஆனால் வளைவில் திருப்பும்போது முதலில் ரப்பர் ஆடும், பிறகுதான் வண்டி திரும்பும். எந்த ஸ்திரத்தன்மைக்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ அதுவே போய்விடும்.

கம்பெனியே போட்டுக் கொடுத்த விடை

உண்மையில் ஸ்விஃப்ட்காரர்களுக்கு இந்தக் கணக்கை மாருதியே போட்டுவைத்திருக்கிறது. அதே காரின் இசட்எக்ஸ்ஐ வேரியன்ட்டில் வருவது 185/65 ஆர்15. விட்டம் 621.5 மி.மீ. விஎக்ஸ்ஐ-யின் 619.6-க்கும் இதற்கும் வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து, மொத்த விட்டத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதே மட்கார்டு, அதே சஸ்பென்ஷன். உங்கள் காருக்கு எந்த அளவு சேரும் என்று தெரிய, அதே மாடலின் டாப் வேரியன்ட் எந்த அளவில் வருகிறது என்று பார்ப்பதுதான் ஆகச் சுலபமான வழி.

டாடா டியாகோவும் இப்படித்தான். பேஸ் மாடலில் வந்த 155/80 ஆர்13-க்கும், மேல் வேரியன்ட்டின் 175/65 ஆர்14-க்கும் ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. 2019 வேகன்ஆரில் 1 லிட்டர் இன்ஜினுக்கு 155/80 ஆர்13, 1.2 லிட்டருக்கு 165/70 ஆர்14. அங்கே வித்தியாசம் ஒன்றரை சதவீதம்.

15 அங்குலத்துக்குப் போவதில் ஒரே சிக்கல், நாலு ரிம்மும் புதிதாக வாங்க வேண்டும். வெளி மார்க்கெட் அலாய் என்றால் இன்னும் சில விஷயங்களைப் பார்க்கணும். ஸ்விஃப்ட் ரிம்மில் நாலு நட், அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. கடையில் '4-100 பிசிடி' என்பார்கள். நடுவில் உள்ள ஓட்டை 54.1 மி.மீ. அலாயின் நடு ஓட்டை இதைவிடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் இல்லாமல் மாட்டக் கூடாது. மாட்டினால் ஹைவேயில் ஸ்டியரிங் நடுங்கி, 'பேலன்சிங் சரியில்லை' என்று திரும்பத் திரும்பக் கடைக்கு அலைய வேண்டிவரும். ஆஃப்செட் என்று இன்னொன்று இருக்கிறது. அது மாறினால் சக்கரம் வெளியே துருத்தும் அல்லது உள்ளே போய் உரசும். டாப் வேரியன்ட்டின் ஒரிஜினல் ரிம்மையே தேடிப் பிடித்து வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

அகலம் கூடினால் கிரிப் கூடுமா?

கூடும், சில இடங்களில். டயர் தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் வண்டியின் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. இரண்டும் மாறாதபோது, அகலமான டயரால் அந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. அதன் வடிவம்தான் மாறும்: நீளம் குறைந்து அகலம் கூடும். காய்ந்த ரோட்டில் வளைவுகளில் இது உதவும். ஏற்காடு, கொல்லிமலை என்று அடிக்கடி மலையேறுபவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அதே அகலம் எதிராகத் திரும்பும். குறுகலான டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், கொஞ்சம் குறைந்த வேகத்திலேயே தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். மிதக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வண்டி ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். அகலத்தைவிட பட்டனின் ஆழமும், அதில் தண்ணீர் வெளியேறும் பள்ளங்களும், ரப்பரின் தரமும்தான் அங்கே காப்பாற்றும். நல்ல கம்பெனியின் புது 165, கடையில் மூன்று வருஷம் கிடந்த மலிவு விலை 185-ஐவிட எவ்வளவோ மேல்.

மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும். டயர் கனமாகிறது, உருளும்போது எதிர்ப்பு கூடுகிறது, 1.2 லிட்டர் இன்ஜின் கூடுதலாக உழைக்கிறது. தினமும் ஆபீஸுக்குப் போய்வர மட்டும் கார் என்றால், அளவை மாற்றாமல் அதே 165/80-ல் நல்ல பிராண்டுக்கு அந்தக் காசைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஹைவே ஓட்டம் அதிகம், அலாய் வாங்கவும் பட்ஜெட் இருக்கிறது என்றால் 185/65 ஆர்15. ரிம்மை மாற்றாமல் கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் 185/70 ஆர்14. இதைத் தாண்டி 16 அங்குலம், 17 அங்குலம் என்று போவது போட்டோவுக்கு நல்லா இருக்கும். 195/55 ஆர்16 விட்டக் கணக்கில் பாஸ் ஆனாலும், பக்கச்சுவர் 132-லிருந்து 107 மி.மீ. ஆகிவிடுகிறது. பள்ளத்தில் விழுந்தால் அடியைத் தாங்குவதற்கு ரப்பர் இல்லை. ரிம் வளையும், டயர் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கும்.

அப்படி வீங்கினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்றால், வழக்கமான கார் பாலிசியில் கிடைக்காது. டயர் மட்டும் சேதமானால் க்ளெய்ம் இல்லை. அதே விபத்தில் காரும் சேதமாகியிருந்தால்தான் டயருக்குப் பணம் வரும், அதுவும் மாற்றும் செலவில் பாதிதான். தனியாக டயர் கவர் எடுத்திருந்தால் வேறு கதை. வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீல்களையும் பாலிசியில் தெரிவித்து மதிப்பைச் சேர்த்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு சொல்கிறது. டயர் அளவைச் சற்று மாற்றிய எல்லோரையும் போலீஸ் பிடிப்பதில்லை. ஆனால் மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயர் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அதே மாடலுக்கு கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நின்றுகொள்வது, இன்ஜினீயரிங் கணக்குப்படி மட்டுமல்ல, இந்த வகையிலும் பாதுகாப்பு.

மாற்றும் நாளில்

அளவை மாற்றுவதென்றால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். "முன்னாடி ரெண்டு மட்டும் 185 போட்டுக்கலாம்" என்ற யோசனை வேண்டவே வேண்டாம். முன், பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏபிஎஸ் வேலை செய்கிறது. அளவு மாறாமல் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், புதியவை பின்னால் போக வேண்டும் என்பதுதான் டயர் கம்பெனிகளின் பரிந்துரை. கடையில் பழக்கம் பெரும்பாலும் நேர்மாறு.

டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆறு மாதத்துக்குள் தயாரானதாகக் கேட்டு வாங்கலாம். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, மிஷலின் என்று சென்னையைச் சுற்றியே இத்தனை டயர் கம்பெனிகளின் ஆலைகள் இருக்கும்போது, பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆகிவிட்டது. பில்லில் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயரையும் 185/70 ஆர்14 அல்லது 185/65 ஆர்15-க்கு மாற்றிவிட்டு, டிக்கியில் பழைய 165/80 ஆர்14-ஐயே வைத்துக்கொள்ளலாம். விட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போக அது போதும். பெரிய அளவுக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாகத்தான் வாங்க வேண்டும். 15 அங்குல அலாய்க்கு வேறு நட் வாங்கியிருந்தால், ஸ்டீல் ரிம்மின் பழைய நாலு நட்டையும் ஒரு பையில் போட்டு ஜாக்கிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.